கடல் சூடானால் கடல் பூங்கா என்ன செய்யும்? மன்னார் வளைகுடா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் ஜனங்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். ராமேசுவரத்தில் கூட்டம் எப்படி, நல்ல கருவாடு எங்கே கிடைக்கும், அப்புறம் "பவளப்பாறை எல்லாம் செத்துப்போச்சாமே, உண்மையா?" முதல் இரண்டுக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு முடிவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை, வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எங்கே இருக்கிறது? அதற்கு வாசல் உண்டா?

வாசலும் இல்லை, வேலியும் இல்லை. பாம்பனில் தொடங்கித் தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக, மாலை அறுந்து மணி சிதறின மாதிரி 21 சின்னத் தீவுகள் கிடக்கின்றன. கரையிலிருந்து 1 கிலோமீட்டரில் ஒன்று இருக்கும், 10 கிலோமீட்டரில் ஒன்று இருக்கும். இந்தத் தீவுகளையும் சுற்றியிருக்கும் ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம், 1989ல் அறிவித்தது. யுனெஸ்கோ பட்டியலில் 2001ல் சேர்ந்தது.

தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள்: மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி. குருசடை, முசல், மனோலி, அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் என்று பெயர்கள் போகும். இப்போது எந்தத் தீவிலும் குடியிருப்பு கிடையாது. ஆனால் எதிர்க்கரை முழுக்க மீனவர் ஊர்கள். இந்தப் பூங்காவைப் பற்றி எதைப் பேசினாலும் அந்த ஊர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தாகிவிட்டது. அப்புறம் எப்படி வெப்பம் உள்ளே வருகிறது?

வனத்துறைப் படகைப் பார்த்தால் வலைக்காரன் திரும்பிப் போவான், சூடான தண்ணீர் போகாது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். சட்டத்தால் ஆளைத் தடுக்கலாம், வலையைத் தடுக்கலாம், கல் வெட்டுவதைத் தடுக்கலாம். கடலின் வெப்பநிலையைத் தடுக்க எந்த மாவட்டத்து அதிகாரியாலும் ஆகாது.

பிறகு பூங்கா எதற்கு? காய்ச்சலில் கிடக்கிற ஆளைப் பட்டினி போட்டு, மேலே இரண்டு அடியும் அடித்தால் என்ன ஆவான்? காய்ச்சலை உங்களால் இறக்க முடியாவிட்டாலும் அடியையாவது நிறுத்தலாம், கஞ்சியாவது கொடுக்கலாம். கடல் பூங்கா செய்வது அதைத்தான். வண்டல், சாக்கடை, இழுவைமடி (விசைப்படகு அடிக்கடலில் இழுத்துக்கொண்டு போகும் வலை), நங்கூரம், அந்நியப் பாசி எல்லாம் நம் கை அடிகள். இவற்றைக் குறைத்தால் வெப்பம் வந்துபோன பிறகு பவளம் எழுந்து நிற்க ஒரு வாய்ப்பு இருக்கும். 'மீள்திறன்' என்று அறிக்கைகளில் வருகிற சொல்லுக்கு என் அகராதியில் இவ்வளவுதான் பொருள், விழுந்தால் எழுந்திருக்கும் தெம்பு.

பவளம் வெளுத்துவிட்டது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. செய்தித் தலைப்புகளில் அடிக்கடி வரும் தப்பு இது.

பவளம் ஒரு சின்ன விலங்கு, கூட்டமாக வாழும். அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சமைப்பது பாசி. சோற்றில் பெரும்பங்கு பவளத்துக்கு, பதிலுக்குப் பாசிக்கு வீடு. அந்த வண்ணமும் பாசி கொடுப்பதுதான். தண்ணீர் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாகி அது சில வாரம் அப்படியே நின்றால் இந்தக் குடித்தனம் உடையும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது கண்ணாடி மாதிரியான தோலும் அதற்குள் தெரியும் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பும்தான்.

அந்த நிலையில் பவளத்துக்கு உயிர் இருக்கிறது, சாப்பாடுதான் இல்லை. சில வாரத்துக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், நிறமும் வரும். குளிராவிட்டால் எலும்பின் மேல் அழுக்குப் பச்சையாக வேறு பாசி படரும். அதைப் பார்த்தால்தான் செத்தது என்று சொல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் இது ஏப்ரலில் தொடங்கும், மே மாதம் மோசம். காற்று செத்து, கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாட்கள் அவை. ஜூனில் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்றுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வலுத்து வீசத் தொடங்கினால் தண்ணீர் கலங்கும், குளிரும், பவளத்துக்கு மூச்சு வரும். மழைக்காக விவசாயி வானத்தைப் பார்ப்பது தெரியும். கச்சானுக்காகப் பவள ஆராய்ச்சிக்காரர்கள் காத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

இதுவரை எவ்வளவு சேதம்?

பெரிய அடி என்றால் 1998, 2010, 2016. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள், அந்தச் சூட்டுக்கும் இந்தக் கடல் தப்பவில்லை. 2016 வெளுப்பில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது என்பது தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரே கோடையில்!

எண்ணிக்கையைவிட என்னைக் கவலைப்படுத்துவது இடைவெளிதான். 1998க்கும் 2010க்கும் நடுவே 12 வருடம். 2010க்கும் 2016க்கும் 6. கிளைவிடும் பவளம் வேகமாக வளரும், பத்து வருடம் கிடைத்தால் பார் மறுபடி நிறைந்துவிடும். (பார் என்றால் எங்கள் பக்கம் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு.) ஐந்தே வருடம் கொடுத்தால்? எழுந்து உட்காரும்போதே அடுத்த அடி விழும்.

இரண்டு தீவுகள் மூழ்கியது கடல் மட்டம் உயர்ந்ததால்தானே?

கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி, தூத்துக்குடிக் கூட்டத்தில் விலாங்குசல்லி. இரண்டும் இப்போது தண்ணீருக்குக் கீழே. 21 தீவு என்று சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், இறந்துபோனவர் பெயர் ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி.

கடல் மட்டம் உயர்வதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. நாம் பவளத்தை வெட்டி எடுத்தோம். வருடக்கணக்கில், வள்ளம் வள்ளமாக. சுண்ணாம்பு சுட, தொழிற்சாலைக்கு அனுப்ப, வீடு கட்ட. எங்கள் பக்கம் பழைய சுவர் ஒன்றில் காரை பெயர்ந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் போலக் கோடுகள். ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் உட்கார்ந்திருந்த வீடு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தச் சுவரில்தான் காலண்டர் ஆணி அடித்திருக்கிறார்கள். கல்லு மிருதுவாக இருக்கும், ஆணி லேசாக இறங்கும் என்று அந்த வீட்டுப் பாட்டி பெருமையாகச் சொன்னார்.

தீவைச் சுற்றி இருக்கும் பார்தான் அலையை உடைக்கிறது. உடைந்த அலை மண்ணைக் கொண்டுவந்து போடும், உடையாத அலை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பாரை வெட்டினால் தீவு கரையும், அவ்வளவுதான் கணக்கு. 2001ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கும் அதே அந்தஸ்து. சுனாமிக்கு அப்புறம் வெட்டுவது பெருமளவு நின்றது. சட்டம் பாதி, பயம் பாதி என்று நினைக்கிறேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லாப் பழியையும் காலநிலை தலையில் கட்டிவிட்டால் நமக்கு வேலை இல்லாமல் போய்விடும். 'உலகமே சூடாகிறது, நாம் என்ன செய்ய' என்று கையை விரித்துவிடலாம். நாம் செய்தது எது, வானம் செய்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் எங்கே கை வைக்கலாம் என்பது தெரியும்.

வான் தீவைக் காப்பாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, எப்படி?

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986ல் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் ஏறக்குறைய 2 ஹெக்டேர் மிஞ்சியது. இன்னும் சில வருடம் விட்டால் மூழ்கிய தீவுகளின் பட்டியலில் மூன்றாவது பெயர்.

2015 கடைசியில் தொடங்கி, மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியில், தீவின் கடல்பக்கத்தில் ஓட்டை போட்ட கான்கிரீட் தொகுதிகளை வரிசையாக இறக்கினார்கள். சில வருடத்தில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. ஓட்டை எதற்கு என்று கேட்பீர்கள். கெட்டிச் சுவராகக் கட்டினால் அலை மோதி, எகிறி, அடிமண்ணைத் தோண்டி, பக்கத்தில் வேறு இடத்தை அரிக்கும். கரையில் கல் கொட்டின ஊர்க்காரர்களைக் கேட்டால் இந்தக் கதையைக் கண்ணீரோடு சொல்வார்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வேகம் இழந்து அந்தப்பக்கம் மெதுவாகப் போகும், கொண்டுவந்த மண்ணைத் தீவின் பக்கம் விட்டுவிடும். நாளாக ஆக கான்கிரீட் மேல் பவளக்குஞ்சுகள் ஒட்டும், இடுக்கில் மீன் குடியேறும். வான் தீவு சுருங்குவது நின்றது, மண் சேர்ந்து பரப்பும் கூடியது.

அடுத்தது காரைச்சல்லி. 1969ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு, இன்றைக்கு 3 ஹெக்டேர் சொச்சம். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு நெய்தல் மீட்சித் திட்டத்தில் அங்கேயும் இதே மாதிரித் தொகுதிகள் இறக்கும் வேலை சேர்க்கப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் எல்லாத் தீவுக்கும் கான்கிரீட் போட்டுவிட்டால் முடிந்தது?

முடியாது. கான்கிரீட் அலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. பார் உயிரோடு இருந்தால் அது தானே வளர்ந்து உயரும், கடல் உயர உயர அதுவும் உயரும். கான்கிரீட் போட்ட உயரத்திலேயே நிற்கும். ஊன்றுகோல் நல்லதுதான், ஆனால் காலுக்குப் பதிலாக வராது.

செலவு வேறு. இருக்கிற பாரைக் கெடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ரோந்துப் படகும் நாலு ஆளும் டீசலும் போதும். போன பாரைக் கட்ட கோடிகள். ஆனால் ரோந்துக்கு டீசல் போட்டதை யாரும் திறப்பு விழா வைத்துக் கொண்டாடுவதில்லை என்பதும் உண்மை.

பவளத்தை நாற்று மாதிரி நட முடியுமா?

முடியும், செய்கிறார்கள். 2002லிருந்து இந்தக் கடலில் நடக்கிறது. உடைந்து கிடக்கும் அல்லது நன்றாக இருக்கும் பவளத்தில் சிறு துண்டு எடுத்து, கான்கிரீட் சட்டத்தில் கட்டி, அடியில் வைத்துவிடுவார்கள். கொம்பு மாதிரி கிளைவிடும் இனம் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டைப் பாறையாக வளரும் இனம் வருடத்துக்கு 1 சென்டிமீட்டர் வந்தால் அதிகம்.

சிக்கல் என்னவென்றால் வேகமாக வளரும் கொம்புப் பவளம்தான் சூட்டில் முதலில் சாகும். உருண்டைப் பவளமும் வெளுக்கும், ஆனால் பெரும்பாலும் தேறிவிடும். அதனால் கணக்குக் காட்ட வசதியாகக் கொம்புப் பவளத்தையே நட்டுக்கொண்டு போனால் அடுத்த மே மாதம் மொத்தமும் காலி. வெளுப்பு வருடத்தில் எந்தப் பவளம் தாக்குப்பிடித்தது என்று குறித்து வைத்து அதிலிருந்து துண்டு எடுக்க வேண்டும், இனங்களைக் கலந்து நட வேண்டும். விதைநெல்லுக்கு வயலில் நின்று நல்ல கதிரைப் பார்த்து எடுத்துவைக்கும் அதே புத்தி.

குறித்து வைப்பது, கணக்கெடுப்பது எல்லாம் ஆராய்ச்சிக்காரர் வேலை. நிர்வாகத்துக்கு எதற்கு?

எந்தத் தீவின் எந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் குறைவாக வெளுக்கிறது என்று தெரிந்தால் காவலை அங்கே கூட்டலாம். நீரோட்டம் நன்றாக ஓடும் இடம், கொஞ்சம் ஆழமான இடம், இவை சூட்டில் தப்பிக்கலாம். அங்கே தப்பிய பவளம் போடும் முட்டைதான் மற்ற இடத்துக்கு விதை. எல்லாத் தீவுக்கும் சமமாக ஆள் போடுவது நியாயம் மாதிரி தெரியும், ஆனால் ஆள் கம்மியாக இருக்கும் துறையில் அது வீண். தாங்கும் இடத்தில் முதலில் நில் என்பேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள், மோசமான இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பார்கள். பேசலாம்.

'அந்நியப் பாசி' என்று ஒன்று சொன்னீர்களே?

கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த கடற்பாசி. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்தப் பயன்படும் கராஜீனன் என்ற பொருள் இதில் கிடைக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவை கட்டி வணிகமாக வளர்க்கத் தொடங்கினார்கள். நிறையக் குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வருமானம் வந்தது. அதை இல்லை என்று சொல்லக்கூடாது.

2008ல் குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேல் இது போர்வை போர்த்தியது போலப் படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் போகாது, மூச்சுமுட்டிச் சாகும். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்கிறது. ஆனால் ஒரு விரற்கடைத் துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும், வெங்காயத்தாமரை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது கடற்பாசி வளர்ப்பைக் காலநிலைக்கு நல்லது என்றும் விளம்பரம் செய்கிறார்கள், 2023ல் தொண்டி அருகே வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டியாயிற்று. வளர்க்கட்டும். ஆனால் எந்த இனம், தீவுகளிலிருந்து எவ்வளவு தூரம், பிய்ந்து போனால் யார் பொறுப்பு, இதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு வளர்க்கட்டும். நம் கடலிலேயே விளையும் பாசிகளை வளர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

மக்களை மொத்தமாக வெளியேற்றினால் பூங்கா நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்வியை நகரத்திலிருந்து வரும் நல்ல மனசுக்காரர்கள்தான் கேட்கிறார்கள். அதனால் கோபப்படாமல் சொல்கிறேன்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னால் புரியும். பாம்பன் தீவிலும் கரையோரத்திலும் தலைமுறையாகப் பாசி எடுப்பது பெண்கள்தான். விரல் விரலாகத் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை அறுக்காமல் இருக்க. காலில் தாங்களே வெட்டித் தைத்த ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து, மேலே வந்து பையில் போட்டு, மறுபடி முங்கி. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். விலை அவர்கள் கையில் இல்லை, வியாபாரி கையில்.

1986ல் இவர்கள் பாட்டி காலத்திலிருந்து முங்கிய இடம் ஒரே நாளில் தேசியப் பூங்கா ஆனது, இவர்கள் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். விரட்டல், படகு பறிமுதல், அபராதம். விரட்டினால் என்ன நடக்கும்? போகாமல் இருக்க மாட்டார்கள், பயந்து பயந்து போவார்கள். பயந்து போகிறவர் அவசரத்தில் கிடைத்ததையெல்லாம் வேரோடு பிடுங்குவார். இது மனித இயல்பு.

பிறகு அவர்களே உட்கார்ந்து விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புத் தகடு வைத்துச் சுரண்டுவதில்லை, கையால் மட்டும். பாறையில் அடி மிஞ்சினால்தான் அடுத்த மாதம் பாசி வரும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த அவர்கள் தலைவிக்கு 2015ல் சீக்காலஜி என்ற சர்வதேசப் பரிசும் கிடைத்தது.

கடல் சூடாவதை முதலில் உணர்வது யார் என்று நினைக்கிறீர்கள்? செயற்கைக்கோள் ஒரு பெரிய சதுரத்துக்கு ஒரு எண்ணைத்தான் கொடுக்கும். முங்குகிற பெண்ணுக்கு எந்தப் பாரின் எந்த மூலையில் வெந்நீர் நிற்கிறது என்று தோலில் தெரியும். "மேலே சுடுது, கீழேயும் சுடுது, இந்த வருஷம் பாசி வெந்து போச்சு" என்று ஒரு அக்கா மே மாதத்தில் என்னிடம் சொன்னார். அறிக்கை வந்தது மூன்று மாதம் கழித்து. கண்காணிப்புக்கு இவர்களைச் சம்பளம் கொடுத்துச் சேர்ப்பதைவிட்டு விரட்டிக்கொண்டிருப்பது முட்டாள்தனம் என்பது என் கருத்து.

இதற்கென்று அமைத்த மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை ஊர் ஊராகக் குழு அமைத்து, சிறு கடன் கொடுத்து, இந்தத் திசையில் கொஞ்சம் நடந்தது. இன்னும் நடக்க வேண்டிய தூரம் நிறைய.

இழுவைமடிக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

இழுவைமடி அடிக்கடலை உழுதுகொண்டு போகிறது. கிளறிய வண்டல் பவளத்தின் மேல் படியும், அதைத் துடைத்துத் தள்ளவே பவளம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். வெளுத்துக் கிடக்கும் பவளத்திடம் அந்தச் சக்தி இருக்காது. அதோடு பாசியை மேயும் மீன்களையும் அள்ளிவிட்டால் செத்த பவளத்தின் மேல் பாசி படர்ந்து, புதுக்குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது.

நம் மாநிலச் சட்டப்படி, 1983லிருந்து, கரையை ஒட்டிய சில கடல் மைல் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு அதைத் தாண்டித்தான் மடி இறக்க வேண்டும். நடைமுறை எப்படி என்று எந்த நாட்டுப்படகுக்காரரைக் கேட்டாலும் சொல்வார், கூடவே அறுந்துபோன வலையையும் காட்டுவார்.

ஒரு நல்ல தற்செயல்: விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்டது, ஆனால் பவளம் வெளுக்கும் மாதங்களும் இவைதான். சரியான நேரத்தில் கடலுக்கு ஓய்வு. வெளுப்பு கடுமையான வருடத்தில் தீவுகளைச் சுற்றி மட்டும் இந்த ஓய்வைச் சில வாரம் நீட்டி, அந்த நாட்களுக்கும் நிவாரணம் கொடுத்தால் எவ்வளவோ நல்லது. நிவாரணத்தை விட்டுவிட்டு தடையை மட்டும் நீட்டும் யோசனை யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அதைக் கரைப்பக்கம் கொண்டுவர வேண்டாம்.

பவளம் மட்டும்தானா? வேறு எதுவும் இல்லையா?

கடற்புல் இருக்கிறது, ஆனால் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. தண்ணீருக்கடியில் இருக்கும் புல்வெளி. வண்டலைப் பிடித்து வைக்கிறது, தண்ணீரைத் தெளிவாக்குகிறது, கார்பனை மண்ணுக்குள் புதைத்து வைக்கிறது. இறால் குஞ்சுக்கும் நண்டுக்குஞ்சுக்கும் தொட்டில். ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, ஒரே மேய்ச்சல் நிலம். ஒரு ஆவுளியா நாளுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதற்காகத்தான். புல் அழிந்த இடத்தில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் புல்லை முடிந்து நடுகிறார்கள். கான்கிரீட்டைவிட மலிவு, வேலையும் உள்ளூர் ஆட்களுக்கு.

ஆமையும் உண்டு. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் பெண்குஞ்சுதான் அதிகம். முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கும் இடத்தில் மேலே நிழல் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். தென்னங்கீற்றுதான் தொழில்நுட்பம்.

சில வருடம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குகிறதே, அதுவும் வெப்பத்தாலா?

மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது அது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கணக்கில்லாமல் பெருகும், கடல் பச்சைச் சாயம் கரைத்தது மாதிரி ஆகும். இரவில் மினுங்கும், பார்க்க அழகு. செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். 2008லும் 2019லும் மண்டபம் பக்கம் பெரிதாக வந்தது, 2019ல் பவளமும் சேர்ந்து செத்தது. வழக்கமாக வருவது செப்டம்பர், அக்டோபர், அதாவது கோடை வெளுப்பிலிருந்து பவளம் தேறிக்கொண்டிருக்கும் நேரம். தண்ணீரின் சூடு, காற்று, கரையிலிருந்து இறங்கும் சத்து எல்லாம் சேர்ந்த விஷயம் இது. இதில் சாக்கடை மட்டும் நம் கையில். அதை அடைக்க எந்தச் சர்வதேச மாநாடும் கூட்ட வேண்டாம்.

இலங்கைப் பக்கமும் இதே கடல்தானே?

அதே வளைகுடா, அதே சூடு. கல்பிட்டிக்கு எதிரே அவர்கள் 1992ல் சரணாலயமாக்கிய பார் ரீஃப், 1998லும் 2016லும் மோசமாக அடிவாங்கியது. பவள முட்டை பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு மிதப்பதில்லை. எந்தக் கரையின் பவளம் தப்பினாலும் அதன் குஞ்சு நீரோட்டம் போகிற பக்கம் போகும். இரண்டு நாடும் இந்தக் கடலைப் பற்றிப் பேசுவது என்றால் படகு, கைது, விடுதலை, மறுபடி கைது என்று இருக்கிறது. வெளுப்புக் கணக்கைப் பகிர்ந்துகொள்வதில் அரசியல் ஒன்றும் குறைந்துவிடாது.

சுற்றிப் பார்க்க வருகிறேன். என்ன செய்யலாம், என்ன கூடாது?

வாருங்கள். வனத்துறை அனுமதிக்கும் படகில் மட்டும் போங்கள். தீவில் இறக்கிவிடுகிறேன் என்று தனியாகக் கூப்பிடுபவரை நம்பிப் போனால் உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து வழக்கு. தண்ணீர் குறைந்த இடத்தில் பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கால் வைத்தால் பாறை மாதிரிதான் இருக்கும், ஆனால் அது உயிர். கடைத்தெருவில் வெள்ளைப் பவளக்கட்டி கண்ணாடிப் பெட்டிக்கு அழகாக இருக்கும் என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம், வைத்திருப்பதே குற்றம்.

மே மாதம் வந்தீர்களானால் படகோட்டும் அண்ணனிடம் கச்சான் எப்போது வருமாம் என்று கேளுங்கள். முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவார்.